கௌடாவில் வீடு வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெதர்லாந்தில் கௌடா என்னும் ஊரில் 2023 இலையுதிர் காலத்தில் நாங்கள் ஒரு வீடு வாங்கினோம். அதன்பிறகு அலுவலகத்தில், தமிழ் வகுப்பு வாசலில், பொங்கல் விழாவில் என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் தனியே கூப்பிட்டு விவரம் கேட்கிறார். எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்ல முடியவில்லை. ஒருவரிடம் சொன்னது இன்னொருவரிடம் விட்டுப்போகிறது. அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். வேறு ஊரில் தேடுபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். மண்ணைப் பற்றிய பகுதி மட்டும் கௌடாவுக்கும் அதைப் போன்ற மேற்குப்பகுதி ஊர்களுக்கும் உரியது.

எல்லாரும் ஆம்ஸ்டெல்வேன், ஐந்தோவன் என்று போகிறார்கள். கௌடா எதற்கு?

ரயில்தான் முதல் காரணம். யூட்ரெக்ட், ராட்டர்டாம், டென் ஹாக் மூன்றுக்கும் ஏறக்குறைய இருபது நிமிடம். கணவனுக்கு ஒரு நகரத்தில் வேலை, மனைவிக்கு வேறு நகரத்தில் வேலை என்றால் இதைவிட வசதியான இடம் கிடைப்பது கஷ்டம். ஊரில் சுமார் 75,000 பேர் இருக்கிறார்கள். மருத்துவமனை, பள்ளிகள், வியாழக்கிழமையும் சனிக்கிழமையும் சந்தை எல்லாம் சைக்கிள் தூரம். சந்தைச் சதுக்கத்தின் நடுவே 15ஆம் நூற்றாண்டின் நகர மண்டபம் நிற்கிறது. அதன் பின்னால் நாட்டிலேயே நீளமான தேவாலயம், 123 மீட்டர். விலை மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே பணத்துக்கு ஆம்ஸ்டெல்வேனில் கிடைப்பதைவிட ஒரு அறையாவது கூடுதலாகக் கிடைக்கும்.

பத்திரம், பட்டா, வில்லங்கம் இதெல்லாம் எப்படிச் சரிபார்ப்பது?

ஊரிலிருந்து பேசும் பெரியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். என் மாமனாரும் கேட்டார். இங்கே கடாஸ்டர் என்று ஒரு அரசுப் பதிவகம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் சில யூரோ கட்டி, எந்த வீடு யார் பெயரில் இருக்கிறது, கடைசியாக என்ன விலைக்குக் கைமாறியது, அடமானம் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துக்கொள்ளலாம். கிரயத்தன்று நோட்டாரிஸ், அதாவது பத்திரத்தை எழுதிப் பதியும் சட்ட அதிகாரி, அதை மறுபடி சரிபார்ப்பார். விற்பவரின் பழைய கடனை அவரே அடைத்து, மீதியை விற்பவருக்குக் கொடுப்பார். பணம் நம் கையிலிருந்து நேரே விற்பவரிடம் போவதே இல்லை. போலிப் பத்திரம், இரட்டைக் கிரயம் என்ற பயத்தை இங்கே விட்டுவிடலாம். நிலம் வீட்டோடு சேர்ந்ததா, இல்லை எர்ஃபாக்ட் எனும் குத்தகை நிலமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊரில் வில்லங்கம் காகிதத்தில் இருக்கும். கௌடாவில் அது காலுக்குக் கீழே இருக்கிறது.

காலுக்குக் கீழே என்றால்?

மாடித்தோட்டம் போடுபவர்களுக்கு கோகோபீட் தெரியும். கௌடா நிற்பது கிட்டத்தட்ட அப்படிப்பட்ட மண்ணின்மேல்தான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சதுப்பில் செடிகொடிகள் மக்கிப் படிந்த பீட் மண் அது. ஈரமாக இருக்கும்வரை பஞ்சு போல உப்பி நிற்கும். தண்ணீரை வடித்தால் சுருங்கும். காற்றுப் பட்டால் மக்கி, கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமலே போய்விடும். மேலே பாரம் ஏற்றினால் அமுங்கும். இடைக்காலத்திலிருந்தே இந்த நிலத்தை வடித்து, அதன்மேல் வீடு கட்டி, தெருவை உயர்த்தி, மறுபடி வடித்து வந்திருக்கிறார்கள். ஊர் இன்றும் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. சில இடங்களில் அதைவிட வேகமாகவும் இறங்குகிறது.

இந்த மண்ணில் வீடுகள் மூன்று விதமாக நிற்கின்றன.

பழைய நகரத்துக்குள் இருக்கும் பல வீடுகளுக்குப் பைல், அதாவது மண்ணில் ஆழமாக இறக்கிய தூண், கிடையாது. அகலமான செங்கல் அடித்தளம் நேராக மண்ணில் உட்கார்ந்திருக்கும். இதை டச்சில் 'ஒப் ஸ்தால்' என்பார்கள். ஸ்தால் என்றால் எஃகு என்பதால், எஃகு அஸ்திவாரம் போலிருக்கிறது, நல்லதுதான் என்று நான் நினைத்துவிட்டேன். எஃகுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உறுதியான தரை என்ற பொருளில் வந்த பழைய சொல் அது. இந்த வீடுகள் தெருவோடு சேர்ந்தே இறங்கும். கால்வாய்த் தண்ணீர் மட்டம் அப்படியே இருக்க, வீடு மட்டும் அதை நோக்கிப் போகும். அதனால் தரைப்பலகை ஈரமாகும், சுவரில் பூஞ்சை வரும், கனமழையில் நிலவறைக்குள் தண்ணீர் நிற்கும்.

அடுத்த வகை மரப் பைல். 1970க்கு முன் கட்டிய ஏராளமான வீடுகள் இப்படித்தான். மரம் தண்ணீருக்குள் மூழ்கியே இருந்தால் நூற்றாண்டுக் கணக்கில் கெடாது. நிலத்தடி நீர் இறங்கி, பைலின் தலை காற்றைப் பார்த்துவிட்டால் பூஞ்சை பிடித்து உளுத்துப்போகும். சுற்றியுள்ள மண் இறங்கும்போது பைலையும் கூடவே கீழே இழுக்கும், அது தனிச் சுமை.

மூன்றாவது கான்கிரீட் பைல். பின்னால் வந்த குடியிருப்புகள் எல்லாம் இதுதான். இது கீழே உள்ள கெட்டியான மணல் அடுக்குவரை போய் நிற்கும். வீடு அசையாது.

இப்போது ஒரு சிக்கலைக் கவனியுங்கள். பைல் இல்லாத வீட்டுக்காரர், தண்ணீர் மட்டத்தைக் குறையுங்கள், என் தரை நனைகிறது என்கிறார். மரப் பைல் வீட்டுக்காரர், குறைக்காதீர்கள், என் பைல் உளுத்துவிடும் என்கிறார். இரண்டு பேரும் ஒரே தெருவில் இருக்கலாம். இரண்டு பேர் சொல்வதும் சரி. நகராட்சியும் ரைன்லாந்து நீர் வாரியமும் பழைய நகருக்கென்றே ஒரு திட்டம் போட்டிருப்பது இந்த முடிச்சை அவிழ்க்கத்தான். பழைய நகருக்குள் வாங்க ஆசைப்பட்டால், அந்தத் தெருவுக்கு அந்தத் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் போங்கள்.

அஸ்திவாரத்தை மாற்றுவது ஒரு லட்சம் யூரோவைத் தொடக்கூடிய வேலை. சாதாரண வீட்டுக் காப்பீடு இதற்குப் பணம் தராது. வீடுகள் வரிசையாக ஒட்டி நின்றால், பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்தால்தான் உருப்படியாகச் செய்ய முடியும். இதனால்தான் யார் கேட்டாலும் சமையலறையைக் கடைசியில் பாருங்கள் என்கிறேன்.

அஸ்திவாரத்தில் கோளாறு என்று நாமே கண்டுபிடிக்க முடியுமா?

முழுக்க முடியாது. சந்தேகப்படக் கற்றுக்கொள்ளலாம்.

வெளியே நின்று செங்கல் வரிசைகளுக்கு இடையிலான காரைக்கோட்டைப் பாருங்கள். கட்டும்போது அது நூல் பிடித்தது போலப் போட்டது. இப்போது ஒரு பக்கம் சரிந்திருந்தால் வீடும் அந்தப் பக்கம் சரிந்திருக்கிறது. நிபுணர்கள் கருவி வைத்து அளப்பதும் இதே கோட்டைத்தான். சன்னலுக்கு மேலே படிக்கட்டு போல ஏறிப்போகும் விரிசல் இருக்கிறதா, இருந்தால் அது புதிதாகப் பூசியதா என்றும் பாருங்கள். பக்கத்து வீடுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உள்ளே போனால் கதவுகள்தான் காட்டிக்கொடுக்கும். கோர்ட்டெ ஆக்கெரென் பகுதியில் 1930களில் கட்டிய ஒரு வீட்டை நாங்கள் கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டோம். புது வண்ணம், புதுத் தரை, பூச்செடிகள். மாடி அறைக் கதவைச் சாத்தும்போது என் மனைவி அதன் மேல் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். ஒரு முனையில் கதவு முழு உயரம் இருந்தது, மறுமுனையில் ஒரு விரல் அளவு இழைத்துக் குறைத்திருந்தார்கள். சட்டம் சாய்ந்துவிட்டதால், கதவு மூடுவதற்காக யாரோ அதைச் சாய்வாகவே சீவியிருக்கிறார்கள். அடுத்த அறையிலும் அப்படியே. விற்பவரின் கேள்வித்தாளில் அஸ்திவாரம் பற்றிய வரிக்கு நேரே 'தெரியாது' என்று குறித்திருந்தது. நாங்கள் அந்த வீட்டுக்கு விலை சொல்லவில்லை.

இன்னொன்று, வாசல் கதவுக்குப் பின்னால் மிதியடியின் கீழே பெரும்பாலும் ஒரு மூடி இருக்கும். அது தரைக்கு அடியிலுள்ள தவழ்ந்து போகும் இடத்துக்கு வழி. திறந்து காட்டச் சொல்லுங்கள், டார்ச் அடித்துப் பாருங்கள். வெறும் ஈரம் இந்த ஊரில் சகஜம். தேங்கிய தண்ணீர், சாக்கடை வாடை, குழாய் தொங்குவது இவையெல்லாம் கேள்வி கேட்க வேண்டிய விஷயங்கள். வீடு பைலின்மேல் அசையாமல் நிற்க, தெரு மட்டும் இறங்கும்போது நடுவிலுள்ள சாக்கடைக் குழாய் முறிவது இங்கே வழக்கம்.

கட்டட ஆய்வாளரை வைத்துப் பார்த்தால் போதாதா?

கட்டாயம் வையுங்கள். 400 முதல் 600 யூரோ வரை ஆகும். கூரை, கொதிகலன், மின்சாரம், ஈரம் எல்லாம் பார்த்து அறிக்கை தருவார். ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிவதைத்தான் பார்ப்பார், மண்ணைத் தோண்ட மாட்டார். பைலைப் பார்க்க வேண்டுமானால் குழி வெட்டி மர மாதிரி எடுக்கும் தனி ஆய்வு வேண்டும். அதற்குப் பல ஆயிரம் ஆகும். அந்த வரிசையில் யாராவது ஏற்கெனவே செய்திருந்தால் அந்த அறிக்கை பொன். அக்கம்பக்கத்தில் கதவைத் தட்டிக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். நாங்கள் மூன்று வீட்டில் கேட்டோம், மூன்று வீட்டிலும் நின்று பதில் சொன்னார்கள், ஒருவர் காபியும் கொடுத்தார்.

1993க்கு முந்தைய கட்டடத்தில் கல்நார் இருக்கலாம், 1960க்கு முந்தையதில் ஈயக்குழாய் இருக்கலாம். இரண்டையும் ஆய்வாளரிடம் தனியாகக் கேளுங்கள். தெரிந்த குறையைச் சொல்ல வேண்டியது விற்பவரின் கடமை. தேடிப் பார்க்க வேண்டியது நம் கடமை. பார்த்தாலே தெரிந்திருக்கும் என்ற குறைக்குப் பின்னால் வழக்குப் போட்டு ஜெயிப்பது கடினம்.

கௌடாவில் எந்தப் பகுதி நல்லது?

நிம்மதிதான் முக்கியம் என்றால் ப்ளூமெந்தால், ப்ளாஸ்வைக், கோஃபெர்வெல்லெ. பெரும்பாலும் 1960களிலிருந்து 1990கள் வரை கட்டியவை. கோஃபெர்வெல்லெயில் தனி ரயில் நிலையமே இருக்கிறது. வீட்டின் அழகு முக்கியம் என்றால் கோர்ட் ஹார்லெம் பகுதியின் பழைய செங்கல் வீடுகள். அங்கே மேலே சொன்ன எல்லாச் சோதனையும் வேண்டும். புது வீடுதான் வேண்டுமென்றால் வெஸ்டர்கௌவெ. அது ஸெய்ட்பிளாஸ் போல்டரில், அதாவது கரைகட்டித் தண்ணீரை வடித்து எடுத்த தாழ்நிலத்தில், இருக்கிறது. கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 6.7 மீட்டர் கீழே இருக்கும் நாட்டின் மிகத் தாழ்ந்த இடமும் அதே போல்டரில்தான். மனசுக்கு ஒத்துவருமா என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் கோஃபெர்வெல்லெயில் வாங்கினோம்.

வங்கி எவ்வளவு கடன் தரும்?

மொத்த ஆண்டு வருமானத்தைப் போல ஏறக்குறைய நாலரை மடங்கு என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். வட்டி, வீட்டின் எரிசக்திக் குறியீடு, மற்ற கடன்கள் இவற்றைப் பொறுத்து மாறும். தவணையில் வாங்கிய போன்கூட பேகேஆர் எனும் கடன் பதிவேட்டில் இருக்கலாம், அதற்கேற்பக் குறைப்பார்கள். நிரந்தர வேலை இல்லையென்றால், ஒப்பந்தம் முடிந்ததும் நிரந்தரமாக்கும் எண்ணம் இருக்கிறது என்று நிறுவனத்திடம் கடிதம் வாங்கினால் பெரும்பாலும் போதும். விசா வகையைப் பொறுத்து விதி வங்கிக்கு வங்கி மாறுகிறது. ஒரு வங்கி மறுத்தால் மனம் தளர வேண்டாம், தனியார் ஆலோசகர் வேறு நான்கு வங்கி காட்டுவார்.

வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கான 30 சதவீத வரிச்சலுகையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 முதல் அந்தச் சலுகையைப் பெறத் தொடங்கியவர்களுக்கு அது 2027 முதல் 27 சதவீதமாகிறது, ஐந்து வருடத்தில் முடிந்தும் போகிறது. சலுகை போன பிறகு கைக்கு வரும் சம்பளத்தை வைத்து மாதத் தவணையைப் போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கில் மூச்சு முட்டினால் சின்ன வீடாகப் பாருங்கள்.

வீட்டின் விலை 2026ல் 4,70,000 யூரோவுக்குள் இருந்தால் என்ஹாகே எனும் வீட்டுக்கடன் உத்தரவாதம் எடுக்கலாம். கட்டணம் கடன் தொகையில் 0.4 சதவீதம். வட்டி குறையும். வேலையிழப்பு, விவாகரத்து போன்ற காரணங்களால் வீட்டை நஷ்டத்தில் விற்க நேர்ந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு மீதிக் கடனையும் அது ஏற்கும். கிடைக்குமென்றால் எடுத்துவிடுங்கள்.

கைக்காசு எவ்வளவு வைத்திருக்க வேண்டும்?

வங்கி தருவது வீட்டின் மதிப்புவரை மட்டும். மதிப்பைச் சொல்பவர் மதிப்பீட்டாளர், நாம் சொன்ன விலை மதிப்பாகாது. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

ஒரு கணக்கு பார்ப்போம். 36 வயதுக்காரர் 4,60,000 யூரோ சொல்லி வீட்டைப் பிடிக்கிறார். மதிப்பீடு 4,40,000 என்று வருகிறது. இடையிலுள்ள 20,000 அவர் கையிலிருந்து. பத்திர மாற்று வரி 2 சதவீதம், 9,200. நோட்டாரிஸ், மதிப்பீடு, கடன் ஆலோசகர், மாக்கெலார் எனும் வீட்டுத் தரகர் எல்லாம் சேர்ந்து ஒரு 10,000. ஆக, திரைச்சீலை வாங்கும் முன்பே 39,000 போய்விட்டது. கடன் தொடர்பான செலவுகளை, அதாவது ஆலோசகர், மதிப்பீடு, அடமானப் பத்திரம் இவற்றை, வருமான வரியில் ஒருமுறை கழிக்கலாம். கடன் வட்டியையும் ஆண்டுதோறும் கழிக்கலாம், ஆனால் 30 வருடத்துக்குள் அசலும் சேர்ந்து அடையும் கடனாக இருக்க வேண்டும்.

35 வயதுக்குள் வாங்கினால் வரி இல்லை என்கிறார்களே?

உண்மைதான். 18 வயதிலிருந்து 35 நிறையும்வரை, தானே குடியிருக்கப் போகும் வீட்டுக்கு ஒரே ஒருமுறை இந்த விலக்கு உண்டு. விலை உச்சவரம்பு 2025ல் 5,25,000, 2026ல் 5,55,000. கணவன் 34, மனைவி 36 என்றால் பாதிக்கு வரி இல்லை, பாதிக்கு 2 சதவீதம். வயதை நோட்டாரிஸிடம் கிரயம் நடக்கும் நாளில் பார்ப்பார்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளில் அல்ல. பிறந்தநாள் நெருங்கினால் கிரயத் தேதியை முன்னால் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஒரு வாரத்தின் விலை பல ஆயிரம் யூரோ.

ஊரிலிருந்து அப்பா அம்மா பணம் அனுப்பலாமா?

அனுப்பலாம். கொடுப்பவர் நெதர்லாந்தில் குடியிருப்பவரோ டச்சுக் குடியுரிமை உள்ளவரோ இல்லையென்றால் இங்கே நன்கொடை வரி வராது. இந்தியாவில் குடியிருப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்வரை அனுப்ப ரிசர்வ் வங்கியின் விதி இடம்தருகிறது. ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்று இங்குள்ள வங்கியும் நோட்டாரிஸும் கேட்டே தீருவார்கள். நிலம் விற்ற பணமா, வைப்புநிதியா, அதற்கான காகிதத்தை அப்பாவிடம் இப்போதே வாங்கி வையுங்கள். கிரயத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஓடினால் நடக்காது.

நமக்கென்று மாக்கெலார் அவசியமா?

விற்பவரின் மாக்கெலார் விற்பவருக்காகத்தான் வேலை செய்கிறார். எவ்வளவு சிரித்துப் பேசினாலும் அதுதான் நிலைமை. நம் பக்கம் ஒருவர் இருந்தால், அண்மையில் அதே தெருவில் எது எவ்வளவுக்குப் போனது என்று அவரால் பார்க்க முடியும். முதல் வீடு, டச்சு சரளமாக வராது, ஊர் புதிது என்றால் வையுங்கள் என்பேன். உள்ளூர்க்காரராக இருக்கட்டும். எங்கள் மாக்கெலார் ஒரு தெருப் பெயரைச் சொன்னதுமே, இடப்பக்க வரிசை வேண்டாம், வலப்பக்கம் பார்க்கலாம் என்றார். இரண்டு பக்கமும் வேறு வேறு வருடம், வேறு வேறு அஸ்திவாரம்.

கேட்கும் விலைக்கு மேல் எவ்வளவு சொல்ல வேண்டும்?

வீடு விற்பனை இணையதளமான ஃபுண்டாவில் போட்டிருக்கும் விலை, வந்து பேசுங்கள் என்ற அழைப்பு மட்டுமே. அதே விலையை நீங்கள் கொடுத்தாலும் விற்றாக வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. பெரும்பாலும் மூடிய ஏலம்தான். புதன்கிழமை பகல் 12 மணிக்குள் உங்கள் கடைசி விலையை அனுப்புங்கள் என்பார்கள். மற்றவர் எவ்வளவு சொன்னார் என்று தெரியாது.

இத்தனை சதவீதம் என்று வாய்ப்பாடு கிடையாது. சிலர் விலையை வேண்டுமென்றே குறைத்துப் போட்டுக் கூட்டம் சேர்ப்பார்கள், சிலர் சரியாகவே போடுவார்கள். அதே மாதிரி வீடுகள் கடந்த ஆறு மாதத்தில் போன விலையைப் பாருங்கள். இந்த வீடு எனக்கு இவ்வளவு மதிப்பு, அதற்கு மேல் ஒரு யூரோகூட இல்லை என்று முதல்நாள் இரவே எழுதிவைத்துவிட்டு, மறுநாள் அதையே அனுப்புங்கள்.

நாங்கள் நான்கு முறை தோற்றோம். 2023 முதல் என்வேஎம் சங்கத்து மாக்கெலார்கள் ஏலப் பதிவேடு வைத்தாக வேண்டும். விற்பனை உறுதியானதும், விலை சொன்னவர்கள் பெயர் மறைத்த அந்தப் பதிவேட்டைப் பார்க்கலாம். மூன்றாவது வீட்டில் ஜெயித்தவர் சொன்ன விலை எங்களுடையதைவிடக் குறைவு. ஆனால் கடன் கிடைக்காவிட்டால் விலகுவேன் என்ற நிபந்தனை அவர் போடவில்லை. அன்று ராத்திரி, அடுத்த முறை நாமும் நிபந்தனை இல்லாமல் போடுவோமா என்று பேசினோம். வேண்டாம் என்று முடிவு செய்தோம். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். கடன் முழுக்க உறுதியாகி, மதிப்பீடு குறைந்தால் ஈடுகட்டக் காசும் இருந்தால் ஒழிய அந்த நிபந்தனையை விடாதீர்கள். கடன் வராமல் போனால் விலையில் 10 சதவீதம் அபராதம்.

கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறினால்?

ஒப்பந்த நகல் கையில் கிடைத்த மறுநாளிலிருந்து மூன்று நாள் அவகாசம். அதில் இரண்டு நாளாவது வேலைநாளாக இருக்க வேண்டும். காரணம் சொல்லாமல் விலகலாம், காசு போகாது. இது வாங்குபவருக்கு மட்டும் உள்ள உரிமை. அதன்பின் நிபந்தனைகள் மட்டுமே காப்பாற்றும். கடன் நிபந்தனைக்குத் தேதி உண்டு, அந்தத் தேதிக்குள் வங்கியின் மறுப்புக் கடிதத்தோடு சொல்ல வேண்டும். தேதியைக் காலண்டரில் சிவப்பு மையில் எழுதுங்கள். வாய்ப்பேச்சில் 'வீடு உங்களுக்குத்தான்' என்று சொன்னால் கட்டுப்படுத்தாது. இரு பக்கமும் எழுத்தில் கையெழுத்திடும்வரை விற்பவர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம்.

அடுக்குமாடி என்றால்?

உரிமையாளர் சங்கத்தின் கடைசி மூன்று வருடக் கணக்கையும் கூட்டக் குறிப்புகளையும் கேளுங்கள். மாதச் சந்தா குறைவாக இருப்பதைப் பார்த்து மகிழ வேண்டாம். சேமிப்பில் பணம் இல்லாத சங்கம், கூரை ஒழுகும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் ஆயிரக்கணக்கில் பில் அனுப்பும்.

புதுக் கட்டடத்தில் என்ன வித்தியாசம்?

பத்திர மாற்று வரி தனியாகக் கிடையாது, விற்பனை வரி விலைக்குள்ளேயே இருக்கும். கட்ட கட்டத் தவணையாகப் பணம் போகும். கட்டும் நிறுவனம் திவாலானாலும் வீடு முடியும் என்ற உத்தரவாதச் சான்று இருக்கிறதா பாருங்கள். அதைத் தரும் அமைப்புகளில் ஒன்றான வோனிங்போர்க்கின் தலைமையகமே கௌடாவில்தான். சாவி வாங்கும்போது கடைசி 5 சதவீதத்தை நோட்டாரிஸிடம் நிறுத்திவைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, குறை இருந்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். தரை, வண்ணம், தோட்டம், சில இடங்களில் சமையலறைகூட உங்கள் செலவு. எரிவாயு இணைப்பு இருக்காது. அம்மாக்கள் கேட்பதால் சொல்கிறேன், இரும்பு தோசைக்கல் இண்டக்‌ஷன் அடுப்பில் அருமையாக வேலை செய்யும், மண்சட்டிதான் சூடாகாது.

நோட்டாரிஸ் நாளில் என்ன நடக்கும்?

அன்று காலையில் முதலில் வீட்டுக்குப் போங்கள், கடைசிப் பார்வை. விட்டுப்போவதாகப் பட்டியலில் குறித்த பொருள்கள் இருக்கின்றனவா, சாமான் எடுத்தபோது சுவர் பெயர்ந்ததா, எல்லாக் குழாயிலும் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். மீட்டர்களைப் படம் எடுங்கள். இந்த நாட்டில் தரை விரிப்பையும் விளக்கையும் கழற்றிப் போவது வழக்கம், அதனால் பட்டியல் முக்கியம். குறை கண்டால் கையெழுத்துக்கு முன் சொல்லுங்கள்.

டச்சு போதுமான அளவு புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அந்தச் செலவு உங்களுடையது. நோட்டாரிஸை நாமே தேர்ந்தெடுப்பதால், ஆங்கிலத்தில் விளக்கக்கூடியவராகப் பார்த்து முன்பே பேசிவையுங்கள்.

குடிவந்த பிறகு இந்த ஊருக்கென்று ஏதாவது செலவு உண்டா?

நகராட்சி வரி, கழிவுநீர், குப்பை, நீர் வாரிய வரி எல்லா ஊரிலும் உண்டு. கௌடாவுக்கென்று இருப்பது தோட்டம். வீடு பைலின்மேல் நிற்கும், தோட்டம் இறங்கும். எங்கள் பின்வாசலில் மூன்று படி இருக்கிறது. மேல் படி மங்கிய சிவப்பு, நடுப்படி பழுப்பு, கீழ்ப்படி புத்தம்புதுச் சாம்பல் நிறம். முதலில் கட்டியபோது ஒரு படிதான் இருந்தது என்று எதிர்வீட்டுத் தாத்தா சொன்னார். மண் இறங்க இறங்க ஒவ்வொரு தலைமுறைக் குடித்தனக்காரரும் ஒரு படி சேர்த்திருக்கிறார்கள்.

சில வருடத்துக்கு ஒருமுறை கற்களைப் பெயர்த்து, மண் கொட்டி, மறுபடி பாவ வேண்டும். கொட்டுவது மணலாக இருந்தால் அதன் கனமே தோட்டத்தை இன்னும் அமுக்கும். கொஞ்சம் விலை கூடினாலும் பிம்ஸ் எனும் எரிமலை நுரைக்கல்லை வாங்குங்கள். மூட்டையை ஒற்றைக் கையில் தூக்கலாம், அவ்வளவு லேசு. பக்கத்து வீட்டுக்காரரும் அதே வாரம் செய்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் உயர்த்திய வருடம் அவர் உயர்த்தவில்லை. மழைத்தண்ணீர் முழுக்க அவர் பக்கம் போய், வேலியோரம் மறுபடி தோண்டி ஒரு வடிகால் போட வேண்டியதாயிற்று.